வலது இதயச் செயலிழப்பை ஆராய எந்த எலி மாதிரி?

ஓர் ஆய்வகத்தின் கையில் புதிய மூலக்கூறு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வளர்ப்புக் கிண்ணத்தில் இதயத்தசைச் செல்களை அது காப்பாற்றுகிறது. நுரையீரல் உயர் இரத்த அழுத்தத்தின் சுமையால் தளர்ந்துபோகும் வலது கீழறையையும் அது காக்குமா என்பதை இனி உயிருள்ள விலங்கில் பார்த்தாக வேண்டும். கிடைத்திருக்கும் மானியம் ஒரு விலங்கு மாதிரியை முழு அளவிலும் இன்னொன்றைச் சிறிய அளவிலும் நடத்த மட்டுமே போதும். தாழ் ஆக்ஸிஜன் அறை, மோனோகுரோட்டலின் என்ற தாவர நஞ்சின் ஊசி, சூகன் என்ற வேதிப்பொருளும் தாழ் ஆக்ஸிஜனும் சேர்ந்த முறை, நுரையீரல் தமனியில் கட்டுப் போடும் அறுவை முறை என்று வழக்கத்தில் உள்ள நான்கில் எதை முதலில் எடுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மருத்துவ மேற்படிப்பிலும் மருந்தியல் ஆய்விலும் இருப்பவர்கள் இந்த முடிவைப் பெரும்பாலும் தாமாக எடுப்பதில்லை. முன்பு இருந்த மாணவர் எதைப் பழகி வைத்தாரோ அதுவே தொடர்கிறது. அப்படித் தொடர்வதில் உள்ள இழப்பு சிறியதல்ல என்பது என் கருத்து.

நோயின் தன்மையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுத்த நிலையில் ஓய்வாக இருக்கும் மனிதரின் நுரையீரல் தமனிச் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 14 மி.மீ. பாதரசம். 1973இல் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்திலிருந்து 25 என்பதே நோயின் எல்லையாக நீண்ட காலம் இருந்தது. 2018இல் நீஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில் அது 20க்கு மேல் என்று இறக்கப்பட்டது. ஆனால் நோயாளி இறப்பது இந்த எண்ணால் அல்ல. மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை, இடது கீழறை எதிர்கொள்ளும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பழகியது. சுமை ஏறும்போது முதலில் அது தடிக்கிறது, பிறகு விரிகிறது, கடைசியில் இரத்தத்தைத் தள்ள முடியாமல் ஓய்கிறது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது: சிகிச்சையால் நுரையீரல் இரத்தக்குழாய்களின் எதிர்ப்பு குறைந்த பின்பும் சிலரில் வலது கீழறையின் வேலைத்திறன் சரிந்துகொண்டே போனது, அவர்களின் ஆயுளும் குறுகியது. நுரையீரலைச் சரிசெய்தால் இதயம் தானே சரியாகிவிடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை மருத்துவர்கள் எண்களில் பார்த்தது அப்போதுதான். வலது இதயத்தையே குறிவைக்கும் மருந்து தேவை என்ற தேடலுக்கு இதுவே அடிப்படை.

மாதிரிகளை ஒப்பிடும்போது பெரும்பாலான மதிப்பாய்வுக் கட்டுரைகள் கேட்பது, 'மனித நோயை எது அதிகம் ஒத்திருக்கிறது?' என்பதைத்தான். இந்த ஆய்வகத்துக்கு அது முதல் கேள்வி ஆகாது. நம் மூலக்கூறு இதயத்துக்கு நன்மை செய்கிறதா, அல்லது நுரையீரல் குழாய்களைத் தளர்த்திச் சுமையைக் குறைத்ததால் இதயம் தானாகத் தேறியதா என்று எந்த மாதிரி பிரித்துக் காட்டும் என்பதே முதல் கேள்வி. இரண்டும் ஒரே எலியில் ஒரே நேரத்தில் நடந்தால், முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் விடை கிடைக்காது. இந்த அளவுகோலை வைத்துத்தான் நான்கையும் எடைபோடுகிறேன்.

தாழ் ஆக்ஸிஜன் முறையை விரைவாகக் கடந்துவிடலாம். ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் சிறு தமனிகள் சுருங்குகின்றன என்று ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளில் காட்டினர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கொலராடோவின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில் கால்நடைகள் மார்புப் பகுதி வீங்கி வலது இதயம் செயலிழந்து இறப்பது பதிவாகியிருந்தது. ஆய்வகத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் 10 சதவீத ஆக்ஸிஜனில் மூன்று நான்கு வாரம் வைத்தால் அழுத்தம் மிதமாக ஏறும், வலது கீழறை தடிக்கும். ஆனால் அது செயலிழப்பதில்லை; சாதாரணக் காற்றுக்கு மாற்றினால் மாற்றங்களில் பெரும்பகுதி திரும்பிவிடும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகி அதன் பாகுத்தன்மை கூடுவது இன்னொரு குழப்பம். ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலியில் சிறு வேறுபாட்டைத் தேடுபவருக்கு இது நல்ல கருவி. செயலிழப்பைத் தடுக்க மருந்து தேடும் நமக்கு, தடுக்க வேண்டிய செயலிழப்பே இங்கு இல்லை.

மோனோகுரோட்டலின் முறை நம் ஊரார்க்கு ஒரு வகையில் அறிமுகமான தாவரக் குடும்பத்திலிருந்து வந்தது. வயல்களில் பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பையும், சாலையோரக் கிலுகிலுப்பையும் குரோட்டலேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அதே பேரினத்தின் குரோட்டலேரியா ஸ்பெக்டபிலிஸ் என்ற செடியின் விதையைத் தின்ற எலிகளுக்கு நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் வந்ததை 1967இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்தனர். இன்று விதை தேவையில்லை. பிரித்தெடுத்த ஆல்கலாய்டை உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. வீதம் தோலுக்கடியில் ஒரே ஒரு முறை போட்டால் போதும். கல்லீரல் அதை நச்சாக மாற்றுகிறது, அந்த நச்சு இரத்தத்தோடு சென்று நுரையீரல் நாளங்களின் உட்சுவரைத் தாக்குகிறது, மூன்று நான்கு வாரங்களில் அழுத்தம் ஏறிவிடுகிறது. கருவி வேண்டாம், அறுவைத்திறன் வேண்டாம், செலவும் குறைவு. எலி உண்மையிலேயே இதயச் செயலிழப்புக்குள் சென்று இறக்கவும் செய்யும் என்பதால் உயிர்பிழைப்பு வரைபடம் வரைய இதுவே எளிய வழி.

இந்த எளிமைக்கு உள்ள விலையைச் சொல்லியாக வேண்டும். நச்சு நுரையீரலோடு நிற்பதில்லை; கல்லீரலின் சிறு சிரைகள் அடைபடுகின்றன, இதயத்தசையிலேயே அழற்சி காணப்படுகிறது, எலி தின்பதை நிறுத்தி மெலிகிறது. அழற்சியைத் தணிக்கும் எந்தப் பொருளும், கல்லீரல் இந்த ஆல்கலாய்டை மாற்றும் வேகத்தைக் குறைக்கும் எந்தப் பொருளும் இங்கு மருந்தாகத் தோன்றிவிடும். ஊசி போட்ட நாளிலிருந்தே மருந்தையும் தொடங்கிவிட்டால், தடுத்தது நோயையா நஞ்சையா என்று சொல்ல வழியில்லை. இந்த எலியைக் குணப்படுத்திய பொருள்களின் பட்டியல் நீளமானது. அவற்றில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. நுரையீரலை ஒருபக்கம் நீக்கி மோனோகுரோட்டலினும் தந்த எலிகளில், கொழுப்பைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாடின் நோயைப் பின்னோக்கித் திருப்பியது என்று 2003இல் வந்த செய்தி பெரும் நம்பிக்கை தந்தது; நோயாளிகளிடம் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. புற்றுநோய் மருந்தான இமாட்டினிபின் கதை சற்று வேறு. 2005இல் மோனோகுரோட்டலின் எலிகளிலும் தாழ் ஆக்ஸிஜன் சுண்டெலிகளிலும் அது வெற்றி பெற்றது. 2013இல் வெளியான மனிதச் சோதனையில் ஆறு நிமிட நடைதூரம் 32 மீட்டர் கூடவும் செய்தது. ஆனால் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களில் 8 பேருக்கு மூளை உறைக்கடியில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. மருந்து அங்கேயே நின்றுபோனது. எலி இங்கு பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்கு விடை தரவில்லை, அவ்வளவே.

மூன்றாவது முறையான சூகன்–தாழ் ஆக்ஸிஜன் மாதிரி, இன்று ஆய்வுக் கட்டுரைகளின் மதிப்பீட்டாளர்கள் அதிகம் எதிர்பார்ப்பது. டென்வரில் வோல்கலின் குழு 2001இல் இதை வெளியிட்டது. சூகன் 5416 என்பது இரத்தக்குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைத் தடுக்கும் பொருள். புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டது. அதைக் கிலோவுக்கு 20 மி.கி. ஒருமுறை போட்டு, மூன்று வாரம் 10 சதவீத ஆக்ஸிஜனில் வைத்து, பிறகு சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவருவது வழக்கமான முறை. காற்று சரியான பின்னும் நோய் குறையாமல் முற்றுவதுதான் இதன் சிறப்பு. உட்சுவர்ச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் குழாயின் உள்வெளியை அடைக்கின்றன. 2010இல் வந்த ஆய்வு, 13, 14 வாரங்கள் காத்திருந்தால் மனித நுரையீரலில் காணும் பின்னல் போன்ற புண்களை ஒத்தவை எலியிலும் உருவாவதைக் காட்டியது. மனித நோயின் திசுப்படத்துக்கு இவ்வளவு அருகில் வேறு எந்தக் கொறிவிலங்கு மாதிரியும் வரவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டாடெர்செப்ட் மருந்தின் முன்னோடி மூலக்கூறும் இந்த மாதிரியிலும் மோனோகுரோட்டலின் மாதிரியிலும் தேறிய பிறகே முன்னேறியது. 323 நோயாளிகளைக் கொண்ட மனிதச் சோதனையில் போலி மருந்தோடு ஒப்பிட நடைதூர வேறுபாடு 40.8 மீட்டர்.

இவ்வளவு இருந்தும் நம் கேள்விக்கு இதை முதலில் எடுக்க நான் தயங்குகிறேன். முதல் காரணம் முன்பே சொன்னதுதான்: நுரையீரலும் இதயமும் ஒன்றாகவே நோயுற்றிருக்கின்றன, மருந்து எதைத் தொட்டாலும் மற்றதும் மாறும். இரண்டாவது காரணம் நுட்பமானது. சூகன் தடுக்கும் அதே ஏற்பி இதயத்தசையின் தந்துகிகளிலும் இருக்கிறது. இந்த எலியின் வலது கீழறையில் தந்துகிகள் அருகிப்போவதற்கு அழுத்தம் எவ்வளவு காரணம், இதயத்தின் மீதே சூகன் செய்த வேலை எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். நம் மூலக்கூறு தந்துகிகளைக் காப்பதாகத் தெரிந்தால், அது வெறுமனே சூகனின் எதிர்மருந்தாகச் செயல்பட்டிருக்கலாம். மூன்றாவது, எலியின் இனம். ஃபிஷர் எலிகள் விரைவில் இறக்கின்றன. ஸ்ப்ரேக் டாலி எலிகளில் பல நீண்ட நாள் தாக்குப்பிடிக்கின்றன, அதே இனத்திலும் வாங்கும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறுகிறது. சுண்டெலியிலோ வாரம் ஒருமுறை ஊசி போட்டாலும் நோய் மிதமாகவே இருந்து, சாதாரணக் காற்றில் பெரிதும் திரும்பிவிடுகிறது.

நான்காவது முறையில் நோயே இல்லை. சுமை மட்டும் இருக்கிறது. இளம் எலியை மயக்கி, செயற்கைச் சுவாசத்தில் வைத்து, இடது விலாவிடைவெளியைத் திறந்து, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியிலிருந்து பிரித்தெடுத்து, குறிப்பிட்ட தடிமனுள்ள ஊசியோடு சேர்த்து நூலால் கட்டி, பின் ஊசியை உருவி எடுத்துவிடுகிறார்கள். ஊசியின் தடிமனே மீந்திருக்கும் வழியின் அகலம். சிலர் நூலுக்குப் பதில் உலோகக் கவ்வியைப் பயன்படுத்துகிறார்கள். எலி வளர வளரக் கட்டு வளர்வதில்லை என்பதால் இறுக்கம் மெல்ல மெல்லக் கூடும். பால்குடி மறந்த இளம் எலிகளைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். கட்டுக்கு அப்பால் நுரையீரல் நலமாக இருக்கிறது. எந்த மருந்தாலும் நூலைத் தளர்த்த முடியாது. ஆகவே மருந்து கொடுத்த எலியின் வலது கீழறை நன்றாக இருந்தால், அந்த நன்மை இதயத்தில்தான் நடந்தது என்று நேரடியாகச் சொல்லலாம். நம் அளவுகோலில் இந்த முறை மட்டுமே தேறுகிறது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. மனித நோயில் எதிர்ப்பு ஆயிரக்கணக்கான சிறு குழாய்களில் பரவியிருக்கிறது, பெரிய தமனிகளும் விறைக்கின்றன, அழுத்த அலைகள் அங்கிருந்து திரும்பி வந்து இதயத்தில் மோதுகின்றன. இங்கோ இதயத்தின் வாசலிலேயே ஒரே ஓர் இறுக்கம். அறுவையில் எலிகள் இறக்கும், அதுவும் பழகுநரின் கையில் அதிகம் இறக்கும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், கட்டுப்போட்ட எலிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்துவிடுவது. போகார்டும் வோல்கலும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஒப்பீடு இதில் மிகவும் பேசப்பட்டது. சூகன் எலிகளின் வலது கீழறை விரிந்து, நார்த்திசு படர்ந்து, தந்துகிகளை இழந்து செயலிழந்தது. கட்டுப்போட்ட எலிகளில் நாள்பட்ட அழுத்தம் இருந்தும் கீழறை தடித்து ஈடுகொடுத்தது. அழுத்தம் மட்டுமே செயலிழப்பை விளக்காது என்பது அவர்கள் முடிவு. கட்டுப்போட்ட எலிகளுக்குத் தாமிரம் குறைந்த உணவைத் தந்தபோது அவற்றின் இதயமும் செயலிழந்தது. தந்துகி இழப்பே திருப்புமுனை என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது.

இந்த ஆய்வைப் பலர் கட்டு முறைக்கு எதிரான தீர்ப்பாகப் படிக்கிறார்கள். என் வாசிப்பு வேறு. ஒப்பீட்டின் ஒரு பக்கத்தில் இதயத் தந்துகியைத் தாக்கவல்ல பொருள் செலுத்தப்பட்டிருக்கிறது, மறுபக்கத்தில் இல்லை. ஆகவே நோயுற்ற நுரையீரல் ஏதோ ஒரு தீய செய்தியை இதயத்துக்கு அனுப்புகிறது என்ற முடிவுக்கு அவசரமாகப் போக முடியாது. மேலும், கட்டின் இறுக்கம் ஒரே அளவானது அல்ல. மிதமாகக் கட்டினால் ஈடுகொடுக்கும் இதயம் கிடைக்கும்; இறுக்கிக் கட்டினால் எலிகளில் ஒரு பகுதி வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, மனிதச் செயலிழப்பின் அடையாளங்களோடு வரும். எந்த அளவில் கட்டினோம் என்று சொல்லாமல் கட்டு முறை நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பயனில்லை. நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும் சில்டெனாஃபில் மருந்து பற்றிய கட்டு எலி ஆய்வுகள் இதற்குச் சான்று: ஒன்றில் சுருங்குதிறன் மேம்பட்டது, ஆனால் தளர்வுக் கோளாறு தடுக்கப்படவில்லை, இன்னொன்றில் தசைத்தடிப்பைக்கூட அது தடுக்கவில்லை. மருந்து ஒன்றே, சுமையும் காலமும் வேறு.

பெரிய விலங்குகளையும் மரபணு மாற்றிய சுண்டெலிகளையும் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸில் பன்றிகளுக்கு இடது நுரையீரல் தமனியைக் கட்டி, வலதுபுறக் கிளைகளை வாரந்தோறும் பசையால் அடைத்து இரத்த உறைகட்டிகள் தமனிகளை அடைக்கும் நாள்பட்ட நோயை ஒத்த நிலையை உருவாக்குகிறார்கள். மனிதருக்குப் பயன்படும் அதே வடிகுழாயையும் எக்கோ கருவியையும் வைத்து அளக்கலாம் என்பது பெரிய வசதி. சிறிய மானியத்துக்கு அது எட்டாது. இந்நோயில் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவின் பங்கு 2000இல் தெரியவந்தது, ஆனால் அந்த மரபணுவின் ஒரு பிரதியை இழந்த சுண்டெலிக்குத் தானாக வரும் நோய் மிக மெலிது. இரண்டும் நம் முடிவை மாற்றப்போவதில்லை.

எந்த மாதிரியை எடுத்தாலும் அளவீட்டில் சிக்கனம் பிடித்தால் தேர்வு வீணாகும். வலது கீழறையின் எடையை இடது கீழறையும் இடைச்சுவரும் சேர்ந்த எடையால் வகுக்கும் ஃபுல்டன் குறியீடு எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும். தடிப்பு நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. கீழறை உச்ச அழுத்தம் சுமையைச் சொல்லுமே தவிர இதயத்தின் நலத்தைச் சொல்லாது. செயலிழக்கும் இதயத்தில் அழுத்தம் இறங்கவும் செய்யும், அதை மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொள்வது இத்துறையின் பழைய பொறி. இதய வெளியேற்ற அளவும், கடத்துத்திறன் வடிகுழாயால் பெறும் அழுத்தம்–கொள்ளளவு வளையமும் இருந்தால், கீழறையின் சுருங்குதிறன் தன் சுமைக்கு எவ்வளவு ஈடாக நிற்கிறது என்ற விகிதம் கிடைக்கும். ஆரோக்கியத்தில் அது 1.5 முதல் 2 வரை. அந்தக் கருவிக்கு வழியில்லாத ஆய்வகம், எக்கோவில் மூவிதழ் வால்வு வளையத்தின் அசைவையும் கட்டைக் கடக்கும் அழுத்த வேறுபாட்டையும் ஒவ்வொரு எலியிலும் பதிவு செய்வதையாவது விடக்கூடாது.

பாலினத்தையும் முடிவுக்குள் கொண்டுவர வேண்டும். நுரையீரல் தமனி உயர் இரத்த அழுத்தம் பெண்களுக்கே அதிகம் வருகிறது. வந்த பின் ஆண்களைவிட அவர்களின் வலது கீழறை நன்றாக ஈடுகொடுக்கிறது. ஆய்வகங்களோ நோய் தீவிரமாக வருகிறது என்பதற்காக ஆண் எலிகளையே வாங்குகின்றன. இதயத்தைக் காக்கும் மருந்தைத் தேடும் ஆய்வில், ஏற்கெனவே இயற்கையாகச் சற்றுக் காப்புள்ள பாலினத்தை விலக்கிவிடுவது விநோதமானது. முழு அளவு மாதிரியில் இரு பாலும் இருக்கட்டும்.

ஆகவே என் பரிந்துரை இது. கட்டு முறையை முழு அளவில் முதலில் எடுக்க வேண்டும். அறுவையைப் பழகும் காலத்தையும் அதில் இழக்கும் எலிகளையும் நெறிமுறைக் குழுவிடம் தரும் விண்ணப்பத்திலேயே வெளிப்படையாகக் காட்ட வேண்டும். கட்டிய உடனே மருந்து தொடங்கக்கூடாது. சில வாரம் விட்டு, எக்கோவில் அழுத்த வேறுபாட்டையும் கீழறை விரிவையும் அளந்து, அந்த அளவின்படி எலிகளை அடுக்குகளாகப் பிரித்து, சமவாய்ப்பு முறையில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் ஒதுக்க வேண்டும். நோயாளி மருத்துவரிடம் வருவதும் நோய் வந்த பிறகுதானே. அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. இறுக்கம் போதாமல் கட்டுப்போட்ட எலிகளில் செயலிழப்பே தோன்றவில்லையானால், மருந்தைச் சோதிக்காமல் நிறுத்திவிட்டுக் கட்டைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

அதன் பின், சிறிய அளவில் சூகன் மாதிரி. அங்கே மூன்று வார தாழ் ஆக்ஸிஜன் முடிந்து, சாதாரணக் காற்றில் நோய் நிலைபெற்ற பிறகே மருந்து. முடிந்தால், கட்டும் சூகனும் சேர்ந்த ஒரு சிறு குழுவையும் வைத்தால், இதயத்தின் மீது சூகனின் நேரடி வேலை எவ்வளவு என்ற சந்தேகத்தை நாமே தீர்த்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மோனோகுரோட்டலினை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. கருவிகளைச் சரிபார்க்கவும், அளப்பதில் மாணவரின் கை பழகவும் சில எலிகளில் அதைச் செய்யலாம். அந்த எண்களை மருந்தின் வெற்றிக்குச் சான்றாக எழுதக்கூடாது.

இந்த வரிசையை நான் தலைகீழாக மாற்றும் சூழல் ஒன்று உண்டு: மூலக்கூறு குழாய்ச் சுவரின் செல்பெருக்கத்தைத் தடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தால் சூகன் மாதிரியே முதலில் வர வேண்டும், கட்டு முறை அதன் பிறகு இதயத்துக்குத் தீங்கில்லை என்று உறுதிசெய்ய மட்டும் போதும். எலியில் வென்று நோயாளிகளிடம் எதிர்பாராத தீங்கு காட்டிய இமாட்டினிபை நினைத்தால், அந்த உறுதிப்பாடும் அலங்காரமல்ல.

முடிவுகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பது நல்லது. இரண்டிலும் பலன் இருந்தால், பெரிய விலங்குக்குப் போகக் கூட்டாளி தேடலாம். சூகன் எலி தேறிக் கட்டு எலி தேறவில்லை என்றால், நம் கையில் இருப்பது நுரையீரல் மருந்து. இதய மருந்து என்று தலைப்பிட நமக்கு உரிமையில்லை. கட்டு எலி தேறிச் சூகன் எலி தேறவில்லை என்றால், மருந்தின் அளவையும் சூகனின் குறுக்கீட்டையும் முதலில் ஆராய வேண்டும். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால், வளர்ப்புக் கிண்ணத்தில் கண்டதை மட்டும் வெளியிட்டுவிட்டு, மீந்த மானியத்தை அடுத்த மூலக்கூறுக்கு வைத்துக்கொள்ளலாம்.